அக்காவுக்கு விழச் சொல்லிக்கொடுத்தது

என் அக்காவுக்கு விழத் தெரியாது என்பதை அவளோடு மில்லில் வேலை பார்க்கும் பதினைந்து பெண்கள் முன்னால் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ராஜபாளையத்தில் அவள் வேலை செய்யும் நூல் மில்லில் பெண் தொழிலாளர்களைச் சேர்த்து ஒரு கால்பந்து அணி அமைத்தார்கள். ஐந்து வாரப் பயிற்சி. அதன் முடிவில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளி மைதானத்தில், அந்த ஊர்ப் பக்கத்து மில் பெண்களோடு ஒரே ஒரு ஆட்டம். அணிக்குப் பயிற்சியாளர் வேறொருவர். கோல்கீப்பர்களை மட்டும் தயார் செய்ய என்னைக் கூப்பிட்டார்கள். உடற்கல்விப் பட்டம் முடித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் பகுதி நேரமாக இருக்கிறேன். கல்லூரி அணிக்கு மூன்று வருடம் கோல் காத்தவன். அதற்குச் சாட்சி சொல்ல என் இரண்டு முழங்கைகளும் இருக்கின்றன.

முதல் நாள் சாயங்காலம், முதல் ஷிப்ட் முடிந்து எல்லோரும் மில்லின் பின்பக்கத் திடலுக்கு வந்தார்கள். பேல் என்ற பஞ்சுப் பொதிகளை இறக்கும் குடோனுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் உள்ள செம்மண் திடல். கோல்கீப்பராக யார் யார் நிற்க விரும்புகிறீர்கள் என்று கேட்டேன். இரண்டு கைகள் உயர்ந்தன. ஒன்று, மில் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் வத்திராயிருப்புப் பெண். பத்தொன்பது வயது இருக்கும். இன்னொன்று என் அக்கா.

"இவர நாங்க சார்னு கூப்பிடணுமா?" என்று அக்கா கேட்டாள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"மத்தவங்க கூப்பிடட்டும். நீ எப்பவும் போல கூப்பிடு" என்றேன்.

"சரிலே" என்றாள். மறுபடியும் சிரிப்பு.

அவள் ஏன் கையைத் தூக்கினாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் அம்மா வீட்டு அடுப்படியில் சட்டி இறக்குவதற்கு ஒரு பழைய துணி உண்டு. அதில் 14 என்று நீல எண்ணில் எழுதி, சாயம் போய், அந்த 4 பாதி கரிந்திருக்கும். சின்ன வயதில் அது ஏதோ கடைத் துணி என்று நினைத்திருந்தேன். கல்லூரியில் முதன்முதலாக ஓட்டப் பந்தயத்துக்கு என் நெஞ்சில் அதே மாதிரி ஒரு துணியை ஊக்குக் குத்தி மாட்டியபோதுதான் அது என்னவென்று புரிந்தது. அக்கா பத்தாம் வகுப்பில் ஓடுவாள். மாவட்டப் போட்டிக்கு எண் துணி கொடுத்துவிட்டார்கள். போட்டி நடந்த வாரத்தில் அவளை மில்லில் சேர்த்துவிட்டார்கள், ஓடவே இல்லை. நான் அப்போது ஆறாம் வகுப்பில் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் ஆறாம் வகுப்பைத் தாண்டிப் போன முதல் இரண்டு பேர் நாங்கள். அதில் ஒருத்தி பத்தோடு நின்றாள். மற்றவன் நிற்கவில்லை.

இதை அவள் ஒரு நாளும் ஒரு குறையாகச் சொன்னதில்லை. ஆனால் திடலில் கை தூக்கியபோது, "ஒரே ஒரு ஆட்டம்லே. கூட்டத்துக்கு நடுவுல ஒருவாட்டி நிக்கணும். அம்புட்டுதான்" என்றாள். ஆசை என்று அவள் வாயிலிருந்து நான் கேட்டது அது ஒன்றுதான்.

முதல் வாரம் கால் பயிற்சி மட்டும். கோல்கீப்பர் பந்துக்குப் பறப்பதைத்தான் பார்ப்பவர்கள் பார்ப்பார்கள். பறப்பதற்கு முன்னால் கால் செய்யும் வேலையை யாரும் பார்ப்பதில்லை. பந்தைப் பார்த்தபடியே பக்கவாட்டில் சின்னச் சின்ன எட்டாக நகர வேண்டும். ஒரு காலை இன்னொரு காலுக்குக் குறுக்கே போடக் கூடாது, குதிக்கக் கூடாது. எல்லோருடைய செருப்புகளையும் வாங்கி இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவில் நகரச் சொன்னேன்.

வத்திராயிருப்புப் பெண் நான்காவது செருப்பில் தன் காலைத் தானே தட்டிக்கொண்டாள். அக்கா தண்டவாளத்தில் போவது போலப் போனாள். தலை ஆடவில்லை, தோள் ஆடவில்லை. கடைசிச் செருப்பு வரைக்கும் போய், திரும்பாமல் அப்படியே வந்தாள். கல்லூரியில் இதற்கு எனக்கு இரண்டு மாதம் ஆனது.

"இத எங்க படிச்ச அக்கா?"

"ஒன் காலேசுலதான்" என்றாள். பிறகு, "பதிமூணு வருசமா வேற என்னத்தச் செய்தேன்?" என்றாள்.

அவளுக்கு ரிங் பிரேமில் வேலை. ஆள் உயரத்துக்கு, நூல் நூற்கும் நீளமான மிஷின். இரண்டு பக்கமும் நூல் சுற்றும் கட்டைகள், பாபின்கள், நூற்றுக்கணக்கில் சுழன்றுகொண்டே இருக்கும். எங்காவது ஒரு இழை அறுந்தால் ஓடும் மிஷினிலேயே விரலால் ஒட்டிவிட வேண்டும். மிஷினைப் பார்த்தபடி இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நாள் முழுக்க நகர்ந்துகொண்டே இருப்பதுதான் வேலை. முதுகைக் காட்டினால் பத்து இழை அறுந்திருக்கும். என் பாடக் குறிப்பில் நான்கு பக்கத்துக்கு எழுதியிருந்ததை அவள் கால் ஏற்கெனவே முடித்து வைத்திருந்தது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாவது வாரம் டைவ் ஆரம்பித்தேன். அங்கேதான் எல்லாம் நின்றது.

விழுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. பந்து வரும் பக்கத்துக் காலைச் சாய்வாக ஒரு எட்டு முன்னால் வைத்து முட்டியை மடக்க வேண்டும். கை முதலில் பந்துக்குப் போக வேண்டும், உடம்பு கைக்குப் பின்னால் போக வேண்டும். முட்டியையும் முழங்கையையும் தரையில் குத்தக் கூடாது. காலின் பக்கம், தொடை, இடுப்பு, விலா, தோள் என்று பாய் விரிவது போல உடம்பு தரையில் விரிய வேண்டும். நானே பத்துத் தடவை விழுந்து காட்டினேன்.

வத்திராயிருப்புப் பெண் சொல்லி முடிப்பதற்கு முன்பே விழுந்துவிட்டாள். "இது எங்கூருக் கெணத்துல குதிக்க மாரிதாண்ணே இருக்கு!" என்று மண்ணைத் துப்பிக்கொண்டே எழுந்தாள். அவளுக்கு இருந்த ஒரே கோளாறு, எதற்கும் விழுவாள். நேராக வயிற்றுக்கு வரும் பந்துக்கும் விழுவாள், அது அவளைத் தாண்டிக் கோலுக்குள் போகும்.

அக்கா தண்ணீர்க் குடத்தை இறக்கி வைப்பது போலத் தன்னை இறக்கி வைத்தாள். முதலில் குத்த வைத்தாள், பிறகு ஒரு கையை ஊன்றினாள், பிறகு பக்கவாட்டில் சாய்ந்தாள். அதற்குள் பந்து குடோன் சுவரைத் தொட்டிருக்கும்.

"விழு அக்கா. யோசிக்காம விழு."

"விழுதேன், விழுதேன். இரி."

"இருன்னா பந்து இருக்குமா?"

"ஏட்டி, ஒந்தம்பி பேச்சப் பாரு" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

ஒரு வாரம் முழுவதும் இதே கதை. என் குறிப்பில் என்னென்ன உண்டோ எல்லாம் செய்து பார்த்தேன். முட்டி போட்டு விழுவது, உட்கார்ந்து விழுவது, கை பிடித்து இழுத்து விழுவது. கடைசியில் ஒரு நாள் அவள் தொட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "மில்லுல சேந்த மொத நாளே என்ன சொல்லிக்குடுத்தாவ தெரியுமா? என்ன ஆனாலும் விழக் கூடாது. பக்கத்துல ஓடிக்கிட்டிருக்கது மிஷினு. வழுக்குனாலும் நட்டமா நின்னுரணும். பதிமூணு வருசம் விழாம நின்னுருக்கேம்லே. இப்ப நீ வந்து விழுங்கே. ஒடம்பு கேக்காண்டாமா?"

நான் குறிப்பு நோட்டை மூடி வைத்தேன்.

மெத்தை போடலாம் என்று யோசனை சொன்னது அணிப் பெண்கள்தான். மில்லில் கழிவுப் பஞ்சுக்குப் பஞ்சமா? மில்லின் வெல்பேர் ஆபிசரிடம் கேட்டு இரண்டு மூட்டை வாங்கி, பேல் சுற்றி வரும் சாக்குத் துணியில் திணித்து, ஆளுக்கொரு பக்கமாகத் தைத்தார்கள். ஆள் நீளத்துக்கு ஒரு மெத்தை. அதை அக்கா நிற்கும் இடத்துக்கு வலது பக்கம் ஓரெட்டுத் தள்ளிப் போட்டேன்.

அன்றைக்கு அக்கா விழுந்தாள். முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு. இரண்டாவது தடவை சிரித்துக்கொண்டு. பிறகு அவள் எழுந்திருக்கவே இல்லை, மெத்தையில் மல்லாந்து கிடந்து மூச்சு வாங்கச் சிரித்தாள். அணியில் உள்ள அத்தனை பெண்களும் வரிசையில் நின்று ஒவ்வொருவராக விழுந்தார்கள். பயிற்சியாளர் விசில் ஊதிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். மில் வாசலில் அக்காவைக் கூட்டிப்போக லோடு ஆட்டோவோடு வந்த அத்தான், திடல் ஓரத்தில் நின்று, "இதுக்குத்தானா இம்புட்டு நேரம்? வீட்டுல மெத்த இல்லையா?" என்று கேட்டார். அக்கா பஞ்சு ஒட்டிய தலையோடு எழுந்து போனாள்.

இரண்டு வாரம் மெத்தையில் பயிற்சி. மெத்தையை இடது பக்கமும் மாற்றிப் போட்டேன். இரண்டு பக்கமும் அழகாக விழுந்தாள். நான் நிம்மதியாகத் தூங்கினேன். அது என் தப்பு.

நான்காவது வார முடிவில், மெத்தையை எடுத்துவிட்டு அணியை இரண்டாகப் பிரித்து ஆடவிட்டோம். அக்கா ஒரு கோலில், வத்திராயிருப்புப் பெண் எதிர்க் கோலில். வலது பக்கம் தாழ்வாக ஒரு பந்து வந்தது. அக்காவின் கால்கள் சரியாகப் போயின. கடைசி நொடியில் அவள் தலை குனிந்தது. பந்தை விட்டுவிட்டு, தான் விழப்போகும் இடத்தைப் பார்த்தாள். அங்கே மெத்தை இல்லை. பந்து போய்விட்டது. அடுத்த பந்துக்கும் அப்படியே. நான்கு பந்துக்கு நான்கு தடவை தரையைப் பார்த்தாள்.

விழச் சொல்லிக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டு மெத்தையைத் தேடச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

வெல்பேர் ஆபிசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கீப்பர் யாருன்னு நீங்களே எழுதிக் குடுத்துருங்க தம்பி. ஒருத்தர்தான் நிக்க முடியும். அடுத்தவங்க ரிசர்வ். உங்க அக்கான்னா உங்க அக்கா. எங்களுக்கு ஒண்ணும் இல்ல."

அந்தக் கடைசி வரி என்னைக் குத்தியது. நான் வத்திராயிருப்புப் பெண்ணின் பெயரை எழுதிக் கொடுத்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால், அந்தக் காகிதத்தில் எழுதும்போது எனக்குள் இருந்தது முழுக்க ஆட்டம் பற்றிய கணக்கு இல்லை. அக்கா என்பதற்காக எடுத்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற பயமும் இருந்தது. படித்தவன் நியாயமாக நடப்பான் என்று பெயர் வாங்க வேண்டும். அதற்கும் அவளையே விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து தன் மகளைக் கூட்டிப்போக அம்மா வீட்டுக்கு வந்தாள் அக்கா. அடுப்பில் பால் பொங்கி வந்தது. அந்த நீல எண் துணியால் அவள் சட்டியைப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"அக்கா, அந்தப் பிள்ளையப் போட்டிருக்கேன். நீ ரிசர்வ்."

சட்டியை இறக்கி வைத்தாள். துணியை உதறி மடித்தாள்.

"அவ நல்லாத்தான் விழுதா" என்றாள். பிறகு மகளுக்குப் பால் ஆற்றினாள். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, "நாளைக்குப் பயிற்சிக்கு வரலாம்ல? ரிசர்வும் வரணும்ல?" என்று கேட்டாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் வந்தாள். எனக்கு முன்னாலேயே வந்து, மெத்தையைச் சுருட்டிக் குடோனுக்குள் தள்ளியிருந்தாள். "அது வேண்டாம். இருந்தா கண்ணு அங்கதான் போகுது" என்றாள். வெறும் செம்மண்ணில் நின்றாள். விழுந்தாள், அதாவது இறங்கினாள். பழையபடி குடம்தான்.

நடுவில் டீ வந்தது. வத்திராயிருப்புப் பெண் தன் டம்ளரைத் தொட்டிச் சுவரின் மேல் வைத்துவிட்டு, சும்மா இருக்க முடியாமல் பந்தைச் சுவரில் உதைத்துக்கொண்டிருந்தாள். பந்து எகிறி டம்ளரைத் தட்டியது. அக்கா மூன்று எட்டு தள்ளி, யாரோடோ பேசிக்கொண்டு நின்றாள். பேச்சு நிற்கவில்லை. கால்கள் பக்கவாட்டில் மூன்று எட்டு போயின. உடம்பு ஒருபக்கமாக அப்படியே சரிந்தது. தொடை, இடுப்பு, விலா, தோள். தரைக்கு ஒரு சாண் மேலே டம்ளர் அவள் கையில் இருந்தது. டீ முழுவதும் அவள் சட்டைக் கையில்.

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

"அக்கா, என்ன செஞ்ச நீ?"

"டம்ளரு விழுந்துச்சு, புடிச்சேன்."

"நீ விழுந்தியே!"

"நானா?" என்று தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். மண் ஒட்டியிருந்தது முழங்கையில் இல்லை, தோளில். எங்கே ஒட்ட வேண்டுமோ அங்கே.

பிறகுதான் விளக்கினாள். நூல் நிறைந்த பாபின் மிஷினிலிருந்து கழன்று தரையில் விழுந்தால் எண்ணெயும் தூசும் ஒட்டிப் பாழாகும். அது தரையைத் தொடுவதற்கு முன்னால் பிடித்துவிட வேண்டும். அதைப் பிடிக்கும்போது தான் எங்கே இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாதாம். "நான் விழுந்தா தரையப் பாக்கணும். அது விழும்போது தரைய எதுக்குப் பாக்கேன்?" என்றாள்.

அன்றைக்குப் பந்தைத் தொடவே இல்லை. பத்து வெறும் பாபின்களை வாங்கி வந்து, அவளுக்கு வலதும் இடதுமாக, முட்டி உயரத்தில் தூக்கிப் போட்டேன். ஒன்று தவறவில்லை. அவள் விழுந்துகொண்டே இருந்தாள், விழுகிறோம் என்று தெரியாமல். இரண்டாம் நாள் பாபின், பந்து, பாபின், பந்து என்று மாற்றி மாற்றிப் போட்டேன். அப்போதுதான் இன்னொன்றும் எனக்கு உறைத்தது. அவள் கால் அவளைப் பந்துக்குப் பக்கத்திலேயே கொண்டு சேர்த்துவிடும். கல்லூரியில் நான் பழகிய அந்த நீளப் பாய்ச்சல் அவளுக்குத் தேவையே இல்லை. கடைசியில் அரை ஆள் நீளத்துக்குச் சரிந்து விழுந்தால் போதும். நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு வேண்டியதை இல்லை.

வியாழக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டு, காகிதத்தில் எழுதிக் கொடுத்தது தப்பாக இருக்கலாம் என்று சொன்னேன். இரண்டு பேருக்கும் பத்துப் பத்துப் பந்து, உதைப்பவர்கள் அணியின் நல்ல உதைக்காரர்கள், எண்ணுவது மற்றவர்கள் என்று முடிவானது. வத்திராயிருப்புப் பெண் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அவளுக்கும் இது ஆசைதானே. பந்துக்குப் பந்து புழுதி பறக்க விழுந்தாள். ஆறு பிடித்தாள். அக்கா நின்றாள். ஏழு.

வத்திராயிருப்புப் பெண்ணே பின்னலை அவிழ்த்து மண்ணை உதறிக்கொண்டு, "நான் கணக்குல பெயிலுதாண்ணே. ஆனா ஆற விட ஏழு பெருசுன்னு தெரியும்" என்றாள். அக்கா போய் அவள் தலையில் மிச்ச மண்ணைத் தட்டிவிட்டாள். "அடுத்த வருசம் ஒனக்கு எட்டு வரும்டி. அன்னைக்கு நான் உக்காருதேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானம். எனக்குத் தெரிந்த மைதானம்தான், ஆனால் நான் ஒன்றை யோசிக்கவில்லை. அங்கே செம்மண் கிடையாது, சரளை. கோலுக்கு முன்னால் கல் துருத்திக்கொண்டிருக்கும். ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் முதல் பந்து இடது பக்கம் வந்தது. அக்கா கால் போனது. தலை குனிந்தது. தரையைப் பார்த்தாள். கோல்.

நான் கோட்டுக்கு வெளியே நின்றேன். கத்தக் கூடாது என்று படித்திருக்கிறேன். ரிசர்வ் பெஞ்சில் இருந்த வத்திராயிருப்புப் பெண் அதைப் படித்ததில்லை. எழுந்து நின்று மைதானமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்: "அக்கோவ்! பாபினு! அது பாபினு!"

அக்கா அவள் பக்கம் திரும்பி ஒரு தடவை தலையாட்டினாள். கையுறையில் எச்சிலைத் துப்பித் தேய்த்தாள். நான் சொல்லிக்கொடுக்காத பழக்கம், எங்கே பார்த்தாளோ.

இரண்டாம் பாதியில் அதே இடது பக்கம், கம்பத்தை ஒட்டித் தாழ்வாக ஒரு உதை. நான் பார்த்தது அவள் காலை. ஒன்று, இரண்டு, மூன்று. குறுக்கே போகாத, குதிக்காத, மில் தரையில் பதிமூன்று வருடம் போன அதே எட்டு. பிறகு அவள் சரளையில் விழுந்தாள். தலை குனியவில்லை. உள்ளங்கை பந்தைத் தொட்டது, பந்து கம்பத்துக்கு வெளியே உருண்டது. அவள் எழுந்திருக்க ஒரு நொடி ஆனது. அந்த ஒரு நொடியில் நான் எந்தப் பயிற்சியாளரும் அல்ல, ஆறாம் வகுப்புப் பையன். கடைசி நேரத்தில் இன்னொன்று, வலது பக்கம். அதையும் விழுந்து தட்டினாள்.

ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றோம். கை குலுக்கும்போது எதிரணிக் கோல்கீப்பர் அக்காவிடம், "எந்தக் காலேசுல படிச்சீங்க?" என்று கேட்டாளாம். அக்கா என்ன பதில் சொன்னாள் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

அணியினர் மில் வேனில் ஏறினார்கள். அக்கா, நான், அடம்பிடித்துக் கூட வந்த வத்திராயிருப்புப் பெண் மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். தோற்றதற்குப் பால்கோவா வேண்டும் என்றாள் அந்தப் பெண். வாங்கிக் கொடுத்தேன். ஜெயித்தால் என்ன கேட்டிருப்பாளோ. அக்காவின் இரண்டு பக்கமும் தோளிலிருந்து கணுக்கால் வரைக்கும் வெள்ளைப் புழுதி. இடது இடுப்பில் துணி கிழிந்து தோல் சிராய்த்திருந்தது. குழாயைக் காட்டிக் கழுவச் சொன்னேன். "வீட்டுல போயி கழுவிக்கிடுதேன்" என்றாள். புழுதியைத் தட்டக்கூட இல்லை.

ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது அவளுக்கு. பக்கத்தில் காய்கறிப் பையோடு உட்கார்ந்த ஒரு அம்மா அவளை மேலும் கீழும் பார்த்து, பதறிப்போய்க் கேட்டார்.

"என்ன தாயி, எங்கயாச்சும் விழுந்துட்டியா?"

"ஆமாக்கா" என்றாள் அக்கா. என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு தடவ."